உனக்கு மட்டும் எழுதுகிறேன்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆயர் இல்லத்து மாடிப்படியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறாயோ என்ற கவலையோடுதான் இதைத் தொடங்குகிறேன்.

இந்தப் பங்குக் கோயிலுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. வீடு என்பது ஓர் அறையும் ஓர் அடுப்பும். சன்னலைத் திறந்தால் எதிரே ஈயப்பட்டறை மதில். பழைய பேட்டரிகளை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். பெண்கள் உட்கார்ந்து சுத்தியலால் உடைத்துத் தகடுகளை உருவிப் போடுகிறார்கள். ஆண்கள் உலையில் உருக்குகிறார்கள். காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம், அத்தனை தூசு. உதட்டை நக்கினால் லேசாக இனிக்கிறது. யாரோ சர்க்கரையைச் சிந்திவிட்டார்கள் என்றே முதல் நாள் நினைத்தேன்.

ஞாயிறு பூசைக்குப் பதினேழு பேர். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த பெண் பட்டென்று சொன்னார்: "உலைக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது சாமி." அவரை எல்லோரும் சுத்தியலக்கா என்று கூப்பிடுகிறார்கள். கைக்கும் பொருந்துகிற பெயர், வாய்க்கும் பொருந்துகிற பெயர்.

பட்டறை முதலாளி கோயிலுக்கு முப்பது நாற்காலி அனுப்பியிருக்கிறார். உட்காரத்தான் ஆளில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்: இவர்களுக்கு நான் எதைச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

அன்புடன்,
தம்பி

ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு,

சாமியாருக்கு நான் ஆசீர்வாதம் சொல்லலாமா தெரியவில்லை. உன்னைத் தூக்கி வளர்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். முழங்கால் அப்படியே இருக்கிறது. மழை வந்தால் எனக்குத்தான் முதலில் தெரிகிறது.

தூசியை நக்கிப் பார்த்த முதல் பங்குச்சாமி நீயாகத்தான் இருப்பாய். சன்னலைச் சாத்தி வை. நேரத்துக்குச் சாப்பிடு. அந்த முதலாளியிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே. பேராலயத்துக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுப்பவர் அவர்தான். போன வாரம் நன்றிக் கடிதத்தை டைப் செய்தவளே நான்.

ஆயர் படுத்த படுக்கையாக இருக்கிறார். நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி. எல்லாம் செயலர் சாமிதான் பார்க்கிறார். தங்கமான மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நேற்று என் மேசைக்கே வந்து விசாரித்தார்: "தம்பி லெட்டர் போடுறாராம்மா? புது இடம் பழகிடுச்சா?" எனக்குப் பெருமையாக இருந்தது.

விவரமாக எழுது. உன் கடிதம்தான் எனக்குப் பேச்சுத் துணை.

அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடு.

புதன்கிழமை மாலைகளில், வேலை விட்டதும், சுத்தியலக்கா வீட்டு முற்றத்தில் கூடி விவிலியம் வாசிக்கிறோம். நாலு பேரில் தொடங்கி இப்போது முப்பதுக்கு மேல். நான் விளக்கம் சொல்வதில்லை. வாசித்துவிட்டு, "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்பதோடு சரி.

போன புதன் எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் கதை. வைக்கோலும் தரமாட்டேன், செங்கலும் குறையக் கூடாது என்கிறானே அரசன், அந்த இடம். வாசித்து முடித்து வழக்கமான கேள்வியைக் கேட்டேன். சுத்தியலக்கா, "சாமி, இதை எழுதுனவர் நம்ம பட்டறையில வேலை பாத்திருக்காரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அவங்க கேட்டது கடவுள் காதுல விழுந்துச்சுன்னா, நாங்க கேக்காததுதான் தப்பா?"

அக்கா, கடவுள் எல்லோருக்கும் பொது என்று குருமடத்தில் பக்கம் பக்கமாகப் படித்தேன். அந்தக் கதையில் அவர் பொதுவாக நிற்கவில்லை. சூளையில் வெந்தவர்கள் பக்கம் போய் நின்றுவிடுகிறார். இத்தனை வருடம் அது என் கண்ணில் படவே இல்லை.

சுத்தியலக்காவின் மகளுக்கு நாலு வயது. போன வருடம் பாட்டெல்லாம் பாடுவாளாம். இப்போது 'அம்மா', 'தண்ணி', இரண்டே சொல்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். இங்கே மருந்தகத்தில் ஒரு கம்பவுண்டர் இருக்கிறார், கூச்ச சுபாவம். அவர்தான் ஒருநாள் குழந்தைகளின் ஈறைத் தூக்கிக் காட்டினார். நீலக் கோடு. ஈயம் ரத்தத்தில் ஏறியதன் அடையாளமாம். யாருக்கும் சொல்லாமல் நாற்பத்தொரு குழந்தைகளின் ரத்தத்தை நகரத்துக்கு அனுப்பிச் சோதித்திருக்கிறார். அந்தச் சீட்டுகளைக் கோயிலின் பாவசங்கீர்த்தனப் பெட்டியில், முழந்தாளிடும் பலகைக்கு அடியில் வைத்துத் திருகாணி போட்டிருக்கிறோம். கம்பவுண்டர், சுத்தியலக்கா, நான், மூன்று பேருக்குத்தான் தெரியும். நான்காவதாக உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

தம்பி

மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

ஆசீர்வாதங்கள். உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுத மூன்று வாரமாகிவிட்டது, வேலை அதிகம்.

என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். இனிமேல் படி ஏற வேண்டியதில்லை. தோட்டத்தைப் பார்த்த சன்னல், புது மேசை. செயலர் சாமியே கூடவந்து காட்டினார். நான் கேட்கவே இல்லை.

உன் புதன்கிழமைக் கூட்டத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏழைகளுக்குப் போர்வை கொடு, மருந்து வாங்கிக் கொடு, யார் வேண்டாமென்றார்கள்? யார் யார் வருகிறார்கள்? யார் தூண்டிவிடுகிறார்கள்? அந்தக் கம்பவுண்டருக்குக் குடும்பம் இருக்கிறதா? அந்தச் சீட்டுகளை என்ன செய்யப்போகிறீர்கள், எப்போது? எழுது. தெரிந்தால் எனக்கு நிம்மதி.

அக்கா

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உனக்குப் படி ஏறும் வேலை ஒழிந்தது என்று படித்ததும் செயலர் சாமியைக் கும்பிடத் தோன்றியது.

கவலைப்படாதே, யாரும் யாரையும் தூண்டவில்லை. மே ஐந்தாம் தேதி தொழிலாளர் ஆய்வாளர் பட்டறைக்கு வருகிறார். அன்று வாசலில் வைத்துச் சீட்டுகளையும் மனுவையும் அவர் கையில் கொடுக்கப்போகிறோம். முகமூடி, கை கழுவத் தண்ணீர், குழந்தைகளுக்கு வைத்தியம். இவ்வளவுதான் கேட்பது. கம்பவுண்டருக்கு மனைவி மட்டும், பிள்ளைகள் இல்லை. மனுவை எழுதியது அவர்தான், எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

நேற்று முதலாளி வந்தார். நாற்காலிகளை எண்ணுகிறவர் போலச் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"சாமி, மேல நீங்க பாருங்க. கீழ நாங்க பாத்துக்கிறோம்."

"கீழ குழந்தைங்க பேச்சை மறந்துட்டு இருக்காங்களே?"

அவர் கோபப்படவில்லை. எழுந்து, என் தோளில் கை வைத்து, "உங்க அக்கா ஆயர் வீட்டுலதானே இருக்காங்க? அவங்களுக்குக் கால் வலின்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

இது எப்படி அவருக்குத் தெரியும்? கூரை விஷயமாக அங்கே வந்தபோது உன்னைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. இரண்டு நாளாகக் கோயிலுக்கு எதிரே ஒரு கார் நிற்கிறது. உள்ளே இருப்பவன் செய்தித்தாளை விரித்து வைத்திருக்கிறான். ஒரு பக்கமும் திருப்புவதில்லை.

தம்பி

ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

ஆசீர்வாதங்கள். என் முழங்காலுக்குக் கத்தி வைக்க வேண்டுமென்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பதாம் தேதி நாள் குறித்திருக்கிறார்கள். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? இருபத்தொன்பதாம் தேதியே புறப்பட்டு வந்துவிடு. செயலர் சாமியிடம் உனக்கு விடுப்பு சொல்லிவிட்டேன், உடனே சரியென்றார். நாலாம் தேதி திரும்பிப் போய்க்கொள்ளலாம். ஐந்தாம் தேதி வேலைக்கு நீ அங்கே இருப்பாய்.

எழுதி அனுப்பும் அளவுக்கு வேறு செய்தி இல்லை. வந்துவிடு. கட்டாயம் வந்துவிடு.

அக்கா

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டைப் பிரித்துவிட்டார்களா? நடக்க முடிகிறதா? உன்னைக் கட்டிலில் விட்டுவிட்டு வர மனமில்லாமல்தான் வந்தேன்.

நான் உன்னோடு இருந்த இரண்டாம் தேதி காலை, மருந்தகம் திறக்கும் நேரத்தில், கம்பவுண்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான்கு பேர் வந்தார்களாம். "ஒரு விசாரணை, பத்து நிமிஷம்" என்றார்களாம். அவர் மனைவி ஒவ்வொரு காவல் நிலையமாக ஏறி இறங்குகிறார். அப்படி ஒருவரை யாரும் கொண்டுவரவே இல்லை என்கிறார்கள்.

கோயிலுக்குள் போனேன். எதுவும் உடைந்திருக்கவில்லை. பாவசங்கீர்த்தனப் பெட்டியின் பலகை கழற்றிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நான்கு திருகாணிகளும் பக்கத்தில் வரிசையாக. வேறு எந்த இடத்திலும் கை வைத்த தடமில்லை. வந்தவர்கள் தேடவில்லை அக்கா. நேராகப் போய் எடுத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் தேதி ஆய்வாளர் வந்தார், முதலாளி வீட்டில் விருந்து சாப்பிட்டார், போய்விட்டார்.

அந்த இடம் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவரைக் கொண்டுபோய்விட்டார்கள். நான் ஊரில் இல்லை. மிச்சமிருப்பவரைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

தம்பி

ஜூன் 15

அன்புத் தம்பிக்கு,

ஆசீர்வாதங்கள். கால் பரவாயில்லை, நடக்கிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

நடந்ததைக் கேட்டு வருத்தமாக இருந்தது. கம்பவுண்டரை விட்டுவிடுவார்கள், பயமுறுத்தத்தான் கொண்டுபோயிருப்பார்கள். உனக்கு மாற்றல் வரலாம் என்று இங்கே பேச்சு. வந்தால் மறுக்காமல் ஏற்றுக்கொள். என் கடிதங்கள் உன்னிடம் இருந்தால் எரித்துவிடு.

பேராலயத்துக் கூரை முடிந்துவிட்டது. வெயிலில் பார்க்க முடியவில்லை, கண் கூசுகிறது.

அக்கா

ஜூலை 3

அக்காவுக்கு,

நலம்.

சுத்தியலக்காவைப் பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடுவதில்லை. அவர் வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். கதவில் உலைக் கசடைப் பூசி, 'காட்டிக்கொடுத்தவள்' என்று எழுதியிருக்கிறார்கள். பட்டறையிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். முதலாளி நிறுத்தியதை ஊர் நாடகம் என்கிறது. போன ஞாயிறு அந்தக் குழந்தை மேல் யாரோ கல் எறிந்தார்கள். நெற்றியில் மூன்று தையல்.

தையல் போட்டு முடித்த பிறகு என்னிடம் கேட்டார்: "நீங்களாவது நம்புறீங்களா சாமி?"

நம்புகிறேன் என்றேன். ஆனால் சொல்வதற்கு ஒரு நொடி தாமதமாகிவிட்டது. அந்த ஒரு நொடியை அவர் பார்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். நீ எரிக்கச் சொன்னதால்தான் படித்தேன். மார்ச் மாதக் கடிதத்தில் எத்தனை கேள்வி கேட்டிருக்கிறாய் என்று எண்ணினேன்.

நேராகக் கேட்கிறேன். நான் எழுதியதை உன்னைத் தவிர யாராவது படித்தார்களா?

தம்பி

ஜூலை 9

என் தம்பிக்கு,

படித்தார்கள்.

பெருமைக்காகத்தான் தொடங்கினேன். உன் முதல் கடிதத்தில் இரண்டு வரி செயலர் சாமிக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தார். மார்ச் கடிதம் வந்தபோது என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "என்னம்மா, தம்பி வம்புல மாட்டிக்கிட்டாரா?" என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து பேசினார். "இப்படிப் போன சாமியாருங்களை நான் அடக்கம் பண்ணியிருக்கேன். உங்க தம்பியைக் காப்பாத்தணும்னா, அவர் என்ன பண்றார்னு எனக்குத் தெரியணும்." கடிதத்தைக் கொடுத்தேன். என்ன கேட்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, உனக்கு நான் எழுதினேன். ஏப்ரல் கடிதத்தை அவர் கேட்கக்கூட இல்லை. நானே கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

"அந்த வாரம் உங்க தம்பி அங்க இருக்க வேண்டாம்" என்றார். நீ வந்து சேர்வதற்கு முந்தின நாளே அறுவை முடிந்துவிட்டது என்று சொல்லி, கத்தியே படாத முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டேன். கட்டுக்கு உள்ளே ஒன்றுமில்லை தம்பி. நீ ஆறு நாள் கஷாயமும் சோறும் ஊட்டினாய். இரண்டாம் தேதி காலை நீ எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, இந்நேரம் அங்கே ஏதோ நடக்கிறது என்று எனக்குத் தெரியும். என்னவென்று தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

நான் உன்னை மட்டும்தான் பார்த்தேன். உன்னைச் சுற்றி இருந்தவர்கள் எனக்கு வெறும் எழுத்தாகத்தான் இருந்தார்கள். அந்தக் குழந்தையின் நெற்றியில் மூன்று தையல் என்று படிக்கிறவரை அப்படித்தான்.

இதைக் கடிதமாக எழுதி அனுப்பி, நீ அவர்களுக்கு வாசித்துக் காட்டினால், அக்காவை வைத்து நாடகம் போடுகிறாய் என்பார்கள். வேலையை விட்டுவிட்டேன். வரும் ஞாயிறு பூசைக்கு நானே வருகிறேன். எனக்கு இடம் கொடுத்துப் பேச விடு. அதற்குப் பிறகு உன் இஷ்டம்.

அக்கா

ஜூலை 30

அக்காவுக்கு,

இந்த முகவரியைக் குறித்துக்கொள். குருமட நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போடும் வேலை கொடுத்திருக்கிறார்கள். பூசை வைக்க அனுமதியில்லை. உடம்பு சுகம்.

அன்று நீ எழுந்து பேசியபோது நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. சுத்தியலக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பேசி முடித்தாய். யாராவது உன்னை அடிப்பார்கள் என்று நினைத்தேன். தடுத்திருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

சுத்தியலக்கா எழுந்து உன் முன்னால் வந்து நின்றார். "என் மகளை எல்லாரும் பேயைப் பாக்கற மாதிரி பாத்தாங்க. அது உங்களால. ஆனா கல் எறிஞ்சது நீங்க இல்ல" என்றார். பிறகு ஊரைத் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் தலை நிமிரவில்லை. அன்று மாலை யாரோ இரண்டு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டேன். நீ அங்கேயே தங்கிவிட்டாய் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

குருவாக உன்னை மன்னித்துவிட்டேன். தம்பியாக இன்னும் முடியவில்லை. கொஞ்ச நாள் எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 18

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ எழுதாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கோயிலைப் பூட்டிவிட்டார்கள். புதிதாக யாரையும் அனுப்பவில்லை. புதன்கிழமை வாசிப்பு மட்டும் நிற்கவில்லை. கம்பவுண்டர் வீட்டில் ஒரு மூலை எனக்கு. அவர் மனைவி இடம் கொடுத்தார், பேச்சு மட்டும் கொடுக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை எனக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போவார். வாடகைக்கு ஒரு டைப்ரைட்டர் எடுத்திருக்கிறேன். தாய்மார்கள் மறுபடியும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வேறோர் ஊர் மருத்துவமனைக்குப் போய் ரத்தம் கொடுத்து வருகிறார்கள். இந்தத் தடவை ஒவ்வொரு சீட்டையும் ஆறு பிரதி எடுத்து ஆறு வீட்டில் வைத்திருக்கிறோம். எந்த வீடு என்று எனக்குச் சொல்ல வேண்டாமென்று நானே கேட்டுக்கொண்டேன்.

எழுது என்று சொல்ல மாட்டேன்.

அக்கா

செப்டம்பர் 14

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

நேற்று கம்பவுண்டரின் மனைவி முதல் தடவையாக என் எதிரே வந்து உட்கார்ந்தார். நீதிமன்றத்தில் கொடுக்க ஒரு மனு வேண்டுமென்றார். அவர் சொல்லச் சொல்ல டைப் செய்தேன். 'என் கணவர்' என்பது வரைக்கும் வந்து நின்றுவிட்டார்.

"காணாமப் போனார்னு போடுவீங்களா, கொண்டு போனாங்கன்னு போடுவீங்களா?"

"கொண்டு போனாங்கன்னுதான்."

"சீட்டு அங்க இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்களே?"

அதையும் டைப் செய்தேன். என் பெயர், அப்பா பெயர், பத்தொன்பது வருடம் வேலை பார்த்த இடம், எந்தத் தேதியில் எந்தக் கடிதத்தை யார் கையில் கொடுத்தேன் என்பது. வாசித்துக் காட்டினேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை படிங்க" என்றார். படித்தேன்.

நாளை கொடுப்பதாக இருந்தது. இன்று காலை தெருமுனையில் மூன்று பேர் வந்து நின்றார்கள். சுத்தியலக்கா போய், "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். "டைப் அடிக்கிற அம்மாவை. ஒரு விசாரணை, பத்து நிமிஷம்" என்றார்களாம். "சாப்பிட்டுட்டு இருக்காங்க, நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்து கதவைத் தாழ்போட்டார். இப்போது பின்வாசல் வழியாகப் போய்த் தெருவில் இருக்கிற பெண்களை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். குரல் இங்கே கேட்கிறது. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியவில்லை.

மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கம்பவுண்டரின் மனைவி அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, இந்தக் கடிதத்தையும் தபாலில் சேர்ப்பதற்காகப் பின்வாசலில் நிற்கிறார். "சீக்கிரம் முடிங்க அக்கா" என்கிறார். அக்கா என்று அவர் என்னைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

கதவைத் தட்டுகிறார்கள். பகல் பதினொரு மணி. அவர் சந்து திரும்புகிற வரைக்கும் உள்ளே இருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பேன். பிறகு திறந்துவிடுவேன்.

அக்கா